காவலரிடம் சொன்ன சொல்: சட்டம் ஏன் அதை நம்புவதில்லை?

ஒரு கொலையோ கொள்ளையோ நடந்து ஓரிரு நாளில் யாரேனும் கைதாகிவிட்டால், மறுநாள் நாளிதழ்களில் ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்ற தலைப்பு தவறாமல் இடம்பெறுகிறது. கைதானவர் எப்படித் திட்டமிட்டார், எந்த ஆயுதத்தால் தாக்கினார், பிறகு எங்கே பதுங்கினார் என்பனவெல்லாம் அவர் வாயாலேயே சொன்னவையாக அச்சேறுகின்றன. அதைப் படிக்கும் ஊர் அவரைக் குற்றவாளி என்று அன்றே முடிவுசெய்துவிடுகிறது. அந்தச் செய்தியில் உள்ள ஒப்புதலின் பெரும்பகுதி, வழக்கு விசாரணைக்கு வரும்போது நீதிபதி கருத்தில் கொள்ளவே கூடாத ஒன்று என்பதும், அதற்கான காரணம் தமிழ் மண்ணின் துயரமான அனுபவம் ஒன்றோடு தொடர்புடையது என்பதும் பரவலாக அறியப்படவில்லை. போடிநாயக்கனூர் வட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் ராசிங்காபுரம் போன்ற ஓர் ஊரில், காவல் நிலையத்தில் இட்ட கையெழுத்தோடு வாழ்க்கையே முடிந்துபோனதாக நினைத்து உடைந்துபோகும் குடும்பங்களுக்கு இந்த அறியாமை மிகுந்த தீங்கு செய்கிறது.

சட்டத்தின் நிலை தெளிவானது. குற்றம் சாட்டப்பட்டவர் காவல் அலுவலர் ஒருவரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை, அதாவது குற்றத்தைத் தாமே செய்ததாக ஏற்றுக்கொள்ளும் கூற்றை, அவருக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்தில் முன்வைக்கக் கூடாது. அவர் காவல்துறையின் பிடியில் இருக்கும்போது வேறு எவரிடம் ஒப்புக்கொண்டிருந்தாலும், நடுவர் ஒருவர் உடனிருந்தாலன்றி, அதையும் முன்வைக்கக் கூடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 25, 26 என இரு பிரிவுகளாக இருந்த இந்த விதிகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 23ஆம் பிரிவாகத் தொடர்கின்றன. அதிகாரத்தில் இருப்பவரின் மிரட்டலாலோ ஆசைகாட்டலாலோ வாக்குறுதியாலோ பிறந்த ஒப்புதல் செல்லாது என்ற பொதுவிதி 22ஆம் பிரிவில் தனியே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் முக்கியமான வேறுபாடு உண்டு: 22ஆம் பிரிவின் பயனைப் பெற, மிரட்டலோ ஆசைகாட்டலோ நிகழ்ந்திருக்கக்கூடும் என்று வழக்கின் சூழலிலிருந்து காட்ட வேண்டும்; 23ஆம் பிரிவில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. கேட்டவர் காவல் அலுவலர் என்றாலே போதும், காவலர் அடித்தாரா அன்பாகக் கேட்டாரா என்று ஆராயாமல் அந்த ஒப்புதல் ஒதுக்கப்படும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உரிய எச்சரிக்கையோடும் விருப்பத்தோடும் காவலரிடம் சொன்னது சான்றாக ஏற்கப்படுகிறது என்பதை நோக்கும்போது, இந்தியச் சட்டத்தின் இந்த முழுமையான அவநம்பிக்கை தனித்துத் தெரிகிறது.

அந்த அவநம்பிக்கையின் வேர்களுள் ஒன்று சென்னை மாகாணத்தில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் 1816க்குப் பிறகு நிலவரி வசூலும் காவல் பணியும் ஒரே அதிகாரிகளின் கைக்கு வந்தன. வரிபாக்கிக்காக உழவரைத் துன்புறுத்திய அதே தாசில்தாரும் சேவகரும், திருட்டு வழக்கில் ஒப்புதலைப் பெறுவதற்கும் அதே முறைகளைக் கையாண்டனர். சென்னை சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கிய கஜுலு லட்சுமிநரசு செட்டியார் போன்றவர்களின் முறையீடுகள் லண்டன் நாடாளுமன்றம் வரை எட்டியதன் விளைவாக, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு, 1855இல் தன் அறிக்கையை அளித்தது. சித்திரவதை மாகாணமெங்கும் வழக்கத்தில் இருந்ததை அந்த அறிக்கை மறைக்காமல் ஒப்புக்கொண்டது. இரு கட்டைகளுக்கு இடையே விரல்களை வைத்து நெரிக்கும் கிட்டியும், கழுத்தில் மாட்டிய கயிற்றைக் கால்விரல்களோடு இழுத்துக் கட்டி மனிதரை வளைத்து நிறுத்தும் அண்ணாந்தாளும் அந்த அறிக்கையின் வழியே ஆங்கில நூல்களில் நிலைபெற்றுவிட்ட தமிழ்ப் பெயர்கள். அந்த ஆவணங்களைப் படித்த கார்ல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் அவற்றைப் பற்றி எழுதினார்.

இந்த அறிக்கைக்குப் பின் 1859இல் சென்னைக் காவல் சட்டம் இயற்றப்பட்டு, காவல்துறை வருவாய்த்துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், காவலரிடம் அளித்த ஒப்புதல் செல்லாது என்ற விதி முதன்முறையாக இடம்பெற்றது. சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் 1872இல் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒப்புதலைச் சான்றாக்க முடியாது என்று ஆகிவிட்டால் அதை அடித்து வாங்க வேண்டிய தேவையும் காவலருக்கு இராது என்பது அன்றைய எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை; ஏன் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

எது ஒப்புதல், எது ஒப்புதல் அன்று என்பதிலும் குழப்பம் நேர்வதுண்டு. பகலா நாராயண சுவாமி வழக்கில் 1939இல் தீர்ப்பளித்த பிரிவி கவுன்சில், அதாவது அன்றைய இந்தியாவுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றம், குற்றத்தை நேரடியாகவோ அதன் முக்கிய உண்மைகள் அனைத்தையுமோ ஏற்றுக்கொள்வதே ஒப்புதல் என்று வரையறுத்தது. சம்பவ நாளன்று அந்த வீட்டுக்குப் போயிருந்ததாக ஒருவர் சொல்வது வழக்கில் அவருக்குப் பாதகமாகலாம், ஆனால் அது குற்ற ஒப்புதல் ஆகாது. அதனால் அவ்வாறான கூற்றுகள் தாராளமாகப் பயன்பட்டுவிடும் என்றும் பொருளில்லை. புலனாய்வின்போது காவலரிடம் சொன்னவற்றில் கையெழுத்தே வாங்கக் கூடாது என்றும், அவற்றைச் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் நடைமுறைச் சட்டம் தனியே தடுக்கிறது. பழைய சட்டத்தின் 162ஆம் பிரிவான அது, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 181ஆம் பிரிவு. கொலை செய்தவரே நேரில் காவல் நிலையம் சென்று முதல் தகவல் அறிக்கையைக் கொடுத்தாலும் நிலை மாறாது: அக்னூ நாகேசியா வழக்கில் 1965இல் உச்ச நீதிமன்றம், அத்தகைய அறிக்கையில் ஒப்புதலோடு பின்னிக் கிடக்கும் காரணம், தயாரிப்பு, தப்பியோடிய விதம் ஆகிய பகுதிகளைக்கூடப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

இந்தத் தடைக்குச் சட்டம் ஒரே ஒரு விலக்கை வைத்திருக்கிறது. காவலில் இருப்பவர் கொடுத்த தகவலின் விளைவாக ஓர் உண்மை வெளிப்பட்டால், அந்த வெளிப்பாட்டோடு நேரடித் தொடர்புடைய பகுதியை மட்டும் சான்றாகப் பயன்படுத்தலாம் என்று சொன்ன பழைய 27ஆம் பிரிவு, இப்போது 23ஆம் பிரிவின் காப்புரையாக நிற்கிறது. பொருள் கிடைத்துவிட்டபடியால் தகவலின் அந்தப் பகுதியேனும் மெய்யாக இருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஏலமலைப் பகுதியின் வழக்கமான குற்றம் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து மூட்டைகள் காணாமற்போய், ராசிங்காபுரத்துத் தொழிலாளி ஒருவர் பிடிபட்டு, ‘நான்தான் ஸ்டோரின் பூட்டை உடைத்து இரண்டு மூட்டை திருடினேன், அவற்றைத் தோப்பில் பம்புசெட் அறைக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்’ என்று சொன்னதாகவும், அங்கே மூட்டைகள் கிடைத்ததாகவும் வைத்துக்கொள்வோம். நீதிமன்றம் கேட்கக்கூடியது, மறைத்து வைத்ததையும் காட்டுவதாகச் சொன்னதையும் மட்டுமே. பூட்டை உடைத்ததும் திருடியதும் அடங்கிய முதற்பகுதி பதிவேட்டில் சேரக் கூடாது. மூட்டைகள் எங்கே இருக்கின்றன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு மேல் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. அந்த மூட்டைகள் திருட்டுப்போனவைதாம் என்பதையும் அவற்றைத் திருடியவர் அவர்தாம் என்பதையும் அரசுத் தரப்பு வேறு சான்றுகளால் நிறுவியாக வேண்டும்.

இந்த எல்லைக்கோடு எளிதில் வரையப்பட்டதன்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அத்தப்ப கவுண்டன் வழக்கில் 1937இல் அளித்த தீர்ப்பில், கிடைத்த பொருளைக் குற்றத்தோடு இணைக்கும் சொற்களையும், அவை ஒப்புதலாகவே இருந்தாலும், ஏற்கலாம் என்று கருதியது. அந்தக் கருத்தின்படி, ‘இன்னாரைக் குத்திய கத்தியை இங்கே மறைத்தேன்’ என்ற வாக்கியத்தில் கத்தி கிடைத்துவிட்டால் குத்தியதும் மெய்யாகிவிடும். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர்ப் பகுதியிலிருந்து லண்டன் சென்ற புலுக்குரி கோட்டய்யா வழக்கில், 1946 டிசம்பரில் பிரிவி கவுன்சில் அதை ஏற்க மறுத்தது. வெளிப்பட்ட உண்மை என்பது பொருள் அன்று, அது இருந்த இடமும் அந்த இடத்தைப் பற்றி எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, இருந்த அறிவும்தாம் என்று சர் ஜான் பியூமான்ட் எழுதினார். அந்தப் பொருள் முன்பு எப்படிப் பயன்பட்டது என்ற வரலாறு அந்த வெளிப்பாட்டோடு தொடர்பற்றது. ஏதேனும் ஒரு பொருள் கிடைத்தாலே முழு ஒப்புதலும் ஏற்கப்படும் என்றால், அந்தப் பொருள் கிடைக்கும்படி செய்வதற்குக் காவல்துறையின் வற்புறுத்தும் ஆற்றல் போதுமானதாக இருக்கும் என்பதையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. எண்பது ஆண்டுகளாகியும் இந்தியாவின் ஒவ்வொரு குற்றவியல் நீதிமன்றமும் இத்தீர்ப்பையே முன்னுதாரணமாகக் கொள்கிறது. சென்னை அமர்வின் பிழை திருத்தப்பட்டதால் எத்தனை பேர் அநியாயத் தண்டனையிலிருந்து தப்பியிருப்பார்கள் என்பதைக் கணக்கிட வழியில்லை.

அந்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்துகிறது என்பதே வேதனை. ஒப்புதல் பயன்படாது, ஆனால் ஒப்புதலால் கிடைக்கும் பொருள் பயன்படும் என்ற நிலையில், காவல் நிலைய விசாரணையின் முழு அழுத்தமும் ‘ரெக்கவரி’ என்று காவலர்கள் சொல்லும் பொருள் மீட்பின்மேல் குவிகிறது. 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்திரகாளியம்மன் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவர், பக்தர் ஒருவரின் நகை காணாமற்போன புகாரில் தனிப்படையினரால் விசாரிக்கப்பட்டபோது உயிரிழந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதி விசாரணைக்கு ஆணையிட்டது, வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. நகை எங்கே என்ற ஒரே கேள்வியைச் சுற்றி அந்த விசாரணை நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1855இன் ஆணையம் கண்ட நோய்க்கு 25ஆம் பிரிவு மருந்தாக வந்தது. 27ஆம் பிரிவின் வழியே அந்த நோயின் ஒரு பகுதி தங்கிவிட்டது.

மீட்பு நடந்தது என்று காகிதத்தில் இருப்பதாலேயே நீதிமன்றம் அதை நம்ப வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வழக்குகளில் கைது, வாக்குமூலம், மீட்பு ஆகிய மூன்றுக்கும் சாட்சியாகக் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளருமே பெரும்பாலும் கையெழுத்திடுகின்றனர். அவர்கள் எழுதப்பட்ட காகிதத்தில் பின்னர் கையெழுத்திட்டார்களா, அல்லது எதிரி பேசியதைத் தம் காதால் கேட்டார்களா என்பதே குறுக்கு விசாரணையின் மையமாக இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் இராமானந்த் வழக்கில் மரண தண்டனையை நீக்கிய உச்ச நீதிமன்றம், சாட்சிகளை முதலில் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் எதிரி தம் சொந்தச் சொற்களில் சொல்வதைப் பதிந்து, அதன்பிறகே அனைவரும் இடத்துக்குப் புறப்பட வேண்டும் என்று விளக்கியது. எல்லோரும் வந்துபோகும் திறந்த வெளியில் கிடைத்த பொருள், காவலருக்கு முன்பே தெரிந்திருந்த இடம், ஒரே அச்சில் வார்த்தது போன்ற வாக்குமூலங்கள் ஆகியவை மீட்பின் மதிப்பைக் குறைக்கின்றன.

கிராம நிர்வாக அலுவலர் வேறு ஒரு வகையிலும் தமிழ்நாட்டு வழக்குகளில் வருகிறார். கொலை செய்தவர் நேரே அவருடைய அலுவலகத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னதாகவும், அவர் அதை எழுதிக்கொண்டு ஆளையும் காகிதத்தையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்ததாகவும் பல வழக்குகளில் காணப்படுகிறது. காவலரிடமோ நடுவரிடமோ அல்லாமல் மூன்றாமவர் ஒருவரிடம் சொல்லும் இது, நீதிமன்றத்துக்கு வெளியிலான ஒப்புதல் எனப்படும். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்ட பின் வந்த அலுவலர் நடுவர் அல்லர், காவலரும் அல்லர். ஆகவே அவரிடம் சொன்னது என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்க முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஆனால் 2012இல் சகாதேவன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் அதே நீதிமன்றம், இவ்வகை ஒப்புதல் இயல்பிலேயே பலவீனமான சான்று என்றும், மிகுந்த எச்சரிக்கையோடு ஆராயப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தியது. முன்பின் அறிமுகமில்லாத அலுவலரிடம் ஒருவர் ஏன் தம் உயிரைப் பணயம் வைக்கும் இரகசியத்தைச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு நம்பத்தக்க விடை இல்லாதபோது, அந்தக் காகிதம் 23ஆம் பிரிவைச் சுற்றிக் கடப்பதற்கான வழியோ என்று ஐயுறுவதே நியாயம்.

யார் காவல் அலுவலர் என்பதும் மலையடிவார மக்களுக்குப் பொருட்டான கேள்வி. சுங்கத்துறையினரும் வனத்துறையினரும் காவல் அலுவலர் அல்லர் என்ற பார்வையே நீதிமன்றங்களில் மேலோங்கி நிற்பதால், காப்புக்காட்டுக்குள் நுழைந்ததாகவோ வேட்டையாடியதாகவோ வனச்சரக அலுவலகத்தில் எழுதிவாங்கப்படும் வாக்குமூலத்துக்கு 23ஆம் பிரிவின் காப்பு தானாகக் கிடைப்பதில்லை. அச்சுறுத்திப் பெற்றது என்று 22ஆம் பிரிவின் கீழ் எடுத்துக்காட்டும் சுமை எளியவர்களின் தோளில் விழுகிறது. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலர் எதிரியின் முன்னிலையில் பதியும் சாட்சியத்தையும் விசாரணையில் ஏற்க இடமளிக்கிறது. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில் இதன் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. போதைப்பொருள் வழக்குகளில் இந்த நிலை மாறியதற்கும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே காரணம். தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம், போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் புலனாய்வு அலுவலர்களும் காவல் அலுவலர்களே என்றும், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவின் கீழ் அவர்களிடம் அளித்த ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது என்றும் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பிணை கிடைப்பதே அரிதான கஞ்சா வழக்குகளில், உடன் கைதானவர் பெயரைச் சொன்னார் என்பதற்காக மட்டும் சேர்க்கப்படுபவர்களுக்கு இத்தீர்ப்பு பெரும் ஆதரவு.

இந்தக் காப்புகளை நீக்கினால் என்ன நேரும் என்பதற்கு எடுத்துக்காட்டாகத் தமிழகம் அறிந்த வழக்கு ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1987ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா, காவல் கண்காணிப்பாளர் நிலையில் இருப்பவர் பதியும் ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. 1994இல் கர்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதற்கு இசைந்தது. பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் பத்தொன்பது பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. தடாவின் பயங்கரவாதக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் கண்டது. எனினும் தடாவின் கீழ் பதியப்பட்ட வாக்குமூலங்கள் சான்றாகவே நீடித்தன. 19 வயதில் கைதான பேரறிவாளனுக்கு எதிராக, 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்ததாக அவர் கூறிய பகுதி பெரிதும் எடுத்துக்காட்டப்பட்டது. அந்த வாக்குமூலத்தைப் பதிந்த காவல் கண்காணிப்பாளர் தியாகராஜன், பேட்டரிகள் எதற்கு என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகக் கூறினார். விடுபட்ட அந்த ஒரு வாக்கியம், அறிந்து செய்த உடந்தைக்கும் அறியாமல் செய்த உதவிக்கும் இடையிலான வேறுபாடு. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது கைதாகி முப்பது ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. தடாவும் பின்னர் வந்த அதே வகைச் சட்டமான பொடாவும் இன்று இல்லை. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் இத்தகைய பிரிவு சேர்க்கப்படவில்லை.

இலங்கையில் நிலைமை இதைவிடக் கடுமையானது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் அளித்த ஒப்புதலை ஏற்பதோடு, அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் எதிரியிடமே விடுகிறது. தமிழ் மட்டுமே அறிந்த சிங்கராசா என்பவர், சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்து நீண்ட சிறைத்தண்டனை பெற்ற வழக்கில், ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகக் கண்டது. மொழி பற்றிய இந்த ஆபத்து போடிமெட்டுக்கு அப்பாலும் உண்டு. ஜீப்பில் ஏறிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர்கள் அங்கே ஒரு வழக்கில் சிக்கினால், அவர்கள் தமிழில் சொன்னது மலையாளத்தில் எழுதப்படும். கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலமாகவே தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் வகுத்த விதி, இவர்கள் கேட்டுப்பெற வேண்டிய உரிமை.

உண்மையாகவே ஒப்புக்கொள்ள விரும்புபவருக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. அது நடுவரிடம் செல்கிறது. சன்ஹிதாவின் 183ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் சொன்னால் அது அவருக்கு எதிராகவே பயன்படும் என்பதையும் நடுவர் முதலில் விளக்க வேண்டும். விருப்பத்தோடுதான் பேசுகிறார் என்று கேள்விகளால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சிந்திக்கக் குறைந்தது 24 மணி நேரம் தருவது 1957இன் சர்வான் சிங் தீர்ப்பிலிருந்து நிலைபெற்ற மரபு. மனம் மாறி ஒப்புக்கொள்ள மறுப்பவரைக் காவல்துறையின் பிடிக்குத் திருப்பியனுப்பக் கூடாது என்பதே இப்பிரிவின் உயிர்நாடி.

ஒப்புதலை ஒதுக்கினால் குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள் என்ற அச்சம் மக்களிடையே உண்டு, அது பொருளற்றதும் அன்று. தேனி மாவட்டத்தையே உலுக்கிய 2011ஆம் ஆண்டின் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில், சூழ்நிலைச் சான்றுகளை மட்டும் நம்பி விதிக்கப்பட்ட மரண தண்டனையை மதுரைக் கிளை உறுதிசெய்த பின், 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் எதிரியை விடுவித்தது. மரபணு மாதிரிகள் சேகரித்தல், காத்தல், அனுப்புதல் ஆகியவற்றில் இருந்த குறைகளே அங்கே பெரிதும் சுட்டப்பட்டன. நாடு முழுவதற்கும் பொருந்தும் வழிமுறைகளை நீதிமன்றம் அத்தீர்ப்பிலேயே வகுத்தது. புலனாய்வின் வலிமை காவல் நிலைய அறையில் எழுதப்படும் காகிதத்தில் இல்லை என்பதால், மாதிரியைக் காப்பதிலும் தடயத்தைத் தேடுவதிலும் செலுத்தாத கவனத்தை எந்த வாக்குமூலமும் ஈடுசெய்யாது. இறந்தவர்களின் குடும்பத்துக்கும், ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவருக்கும், செய்யப்பட்ட அநீதியின் மூலம் ஒன்றே.

கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, எவரையும் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22ஆம் பிரிவு கூறுகிறது. அந்தச் சில நிமிடங்களில் நடுவர் கேட்கும் ‘காவலர்கள் துன்புறுத்தினார்களா’ என்ற கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்வதும், உடற்காயங்களை மருத்துவச் சான்றில் பதியச் செய்வதும், வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதை அன்றே தெரிவிப்பதும் பின்னாளில் வழக்கின் போக்கையே மாற்றக்கூடியவை. வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவருக்கு இலவசச் சட்ட உதவி உரிமையாகவே உண்டு. தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. காவல் நிலையங்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள் காக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருப்பதால், அந்த நாளின் பதிவைப் பாதுகாக்கும்படி முதல் நாளிலேயே எழுத்து மூலம் கேட்பது குடும்பத்தினர் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று.